மூணு தண்ணி

செடி முறுக்கிக்கொண்டிருந்தது.

வாடவில்லை, பழுக்கவில்லை, நத்தை தின்னவில்லை. நுனித்தண்டு பக்கவாட்டில் வளைந்து, இலைகள் குப்புறக் கவிழ்ந்து, காம்பு ஈரத்துணியைப் பிழிந்தாற்போல் திருகிக் கிடந்தது. அய்யாவு இரண்டாம் தடவை பார்க்கவில்லை. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மருந்தடிப்பு மண்டோராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர். எந்தச் செடி எதனால் சாகிறதென்று மோட்டார் சைக்கிளில் போகிற போக்கிலேயே சொல்லிவிடுவார். இது களைக்கொல்லி மருந்தின் வேலை. அந்த மருந்து புல்லை ஒன்றும் செய்யாது. அகல இலை உள்ளதைக் கண்டால் முறுக்கித்தான் கொல்லும்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. தெலுக் பூலாய்க்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. போர்ச்சின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த முதுகுப் பம்பு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுக் காலையில் அதைக் கொண்டுதான் செடிக்குத் தண்ணீர் விட்டார்.

அவர் முதலில் செய்த காரியம், பம்பைக் கழற்றிக்கொண்டு போய்ப் பின்கட்டில் பழைய சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தது. 

அந்தச் செடி சும்மா வந்த செடி இல்லை. மகள் விஷ்ணுப்ரியா ஆஸ்திரேலியாவில், பாலைவனம் தொடங்குகிற ஓர் ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. போன வருஷம் அங்கே என்றைக்கோ பெய்கிற மழை பெய்தபோது, செம்மண் தரை முழுக்கப் பாய் விரித்தாற்போல் பூத்த ஒரு காட்டுப்பூவைப் படமெடுத்து அனுப்பினாள். ரத்தச் சிவப்பு. நடுவில் பளபளவென்று ஒரு கறுப்பு முண்டு, காக்காய்க் கண் மாதிரி. பட்டாணி ஜாதியாம். மழை கண்டால் முளைத்து, அவசரமாகப் பூத்து, விதையைக் கொட்டிவிட்டு அந்த வருஷமே செத்துப்போகுமாம்.

படத்தைப் பார்த்த அவர் மனைவி வாணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

“எனக்கு அந்த வெத வேணும் பாப்பா.”

“அம்மா, அது மழையே இல்லாத ஊருப் பூவும்மா. கிள்ளான்ல தெனம் மழ. வராது லா.”

“வெத வேணும்னுதான் கேட்டேன். வருமா வராதான்னு ஒங்கிட்ட கேட்டனா?”

வாணி பத்தொன்பது வருஷம் அய்யாவுவின் கும்பலில் மருந்தடித்தவள். இரண்டு கைக் கட்டைவிரல் நகமும் இரண்டு தடவை விழுந்து முளைத்து, இப்போது பலாத்தோல் மாதிரி முரடாக இருக்கும். மூக்கில் வாசம் தெரியாது. குழம்பு அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டு சுலைகாதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். விதை வந்த அன்றைக்கு வாணி சொன்னாள்: “பத்தொம்பது வருஷம் கொன்னுருக்கேன். ஒண்ணாச்சும் வளத்துப் பாக்குறேனே.”

வளர்த்தாள். விதையை மணல்தாளில் தேய்த்து, சுடுதண்ணீரில் ஊறப்போட்டாள். வேரைத் தொட்டால் செத்துப்போகும் செடி என்று மகள் சொன்னதால், குசினி கட்டியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை முழ நீளத்துக்கு வெட்டி, ஆற்று மணலை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு விதை. இலையில் ஈரம் படக்கூடாது. எட்டில் ஐந்து முளைத்தது. இரண்டு புழுக்கத்தில் அழுகிப்போனது. மூன்று பிழைத்தது. சாம்பல் பூத்த மாதிரி மெத்தென்ற இலை. முதலில் “மணல்ல மரவள்ளி நடுறவ” என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த அய்யாவு, மூன்றாவது வாரத்தில் பல் விளக்குமுன் போய்ச் செடியைப் பார்க்கிறவர் ஆகிவிட்டார். மழைச்சாரல் வராமல் கூரைத்தகடு இழுத்துக் கட்டியது அவர்தான்.

விஷ்ணுப்ரியா தீபாவளிக்கு வருகிறாள். “அவ வந்து எறங்கையில பூத்துருக்கணும்” என்பதுதான் வாணியின் பேச்சு.

குவளையால் ஊற்றினால் மணல் குழிந்துவிடுகிறது என்று வாணி குறைப்பட்டுக்கொண்டாள். அங்கேதான் அய்யாவுக்குத் தொழில் மூளை வேலை செய்தது. பம்புக் குழலின் மூக்கைக் கழற்றிவிட்டால் வேரடியில் சொட்டுச் சொட்டாக விடலாம். வேலை விட்ட பிறகும் சனிக்கிழமைகளில் போர்ட் கிள்ளான் கிடங்கு வளாகங்களில் களைக்கு மருந்தடித்துக் கொடுக்கிறவர். பம்பு கையிருப்பில் இருந்தது.

“அந்தப் பம்பா?” என்று வாணி கேட்டாள்.

“மூணு தண்ணி கழுவியாச்சு. சோப்பும் போட்டாச்சு. குடிக்கலாம் அதுல.”

 தோட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் அவர் முப்பத்தொரு வருஷம் சொன்ன வார்த்தைதான் அது.

*

“என்னா இது?”

வாணி வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. கையில் மாவு. ஒரு குழாய்க்கு முன்னால் குந்தி, முரட்டு நகத்தால் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த குழாய். அதற்கடுத்தது. மூன்றும் ஒரே பக்கமாகத் திருகியிருந்தன.

“நீ என்னத்த ஊத்துன?” என்றார் அய்யாவு.

“நானா?”

“அரிசி கழுவுன தண்ணிய ஊத்திருப்ப. அது புளிச்சு வேரச் சுட்டுருச்சு.”

“அத கருவேப்பிலைக்குத்தான் ஊத்துனேன். இதுக்கு நான் தண்ணியே காட்டல. நேத்து நீங்கதான…”

“நான் விட்டது சுத்தமான பைப்புத் தண்ணி! ஒரு காரியம் ஒழுங்கா செய்யத் தெரியுமா ஒனக்கு? மணலச் சலிச்சு, கூரயப் போட்டுக் கொடுத்தா, அரிசித்தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டு நிக்கிற!”

குரல் கேட்டு சுலைகா வேலிப்பக்கம் வந்துவிட்டாள். தெங்கு கெலானா சாலையில் துணிக்கடை வைத்திருக்கிறவள். மழை வருகிறதென்று துணி எடுக்க வந்தவள், துணியை மறந்துவிட்டாள்.

“என்னண்ணே, என் பூனையச் சொல்றீங்களா? எம்பூன உங்க பக்கமே வாரதில்ல. அது ஹலால் பூன.”

“பூன இல்ல சுலைகா. ஒங்கக்காதான். செடிக்குக் கஞ்சி ஊத்தி வளத்துருக்கா.”

“அடியாத்தி. அக்கா, ஊருலகத்துல இல்லாத பூவுன்னியே! எங்கடைக்கு வர்றவுங்க கிட்டெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே நான்!”

வாணி எழுந்தாள். மாவுக்கையைப் பாவாடையில் துடைத்தாள். “ஆமா சுலைகா. கெட்டுப்போச்சு” என்றாள். உள்ளே போய்விட்டாள். மழை பிடித்துக்கொண்டது. சாரல் இப்போது குழாய்களின் மேல் தாராளமாக விழுந்தது. கூரைத்தகட்டை இழுத்துவிட யாரும் வரவில்லை.

*

மறுநாள் காலை பசியாற தோசையும் நெத்திலிச் சம்பாலும் மேசையில் இருந்தது. அவள் பரிமாறவில்லை, மூடி வைத்திருந்தாள். குசினியில் போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“இல்ல பாப்பா. பூக்காது. ஆமா, அம்மாதான் கெடுத்துட்டேன். அரிசித்தண்ணிய ஊத்திட்டேன். என்னா பண்றது, வயசாச்சுல்ல. ஒழுங்கா செய்யத் தெரியல. நீ வா, பூ கெடக்குது.”

அய்யாவுக்கு விண்ட தோசை வாயிலேயே நின்றது. அவள் போனை வைக்கும்வரை காத்திருந்தார்.

“ஏன் அப்புடிச் சொன்ன?”

“நீங்கதான சொன்னீங்க.”

“கோவத்துல சொன்னது.”

“கோவத்துல சொன்னாலும் மண்டோர் சொன்னா சரிதான.” வாணி அடுப்பை அணைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. “அந்தச் செடி முறுக்கிக்கிட்டது எனக்குப் புதுசு இல்ல. ஒருதரம் பாத்துருக்கேன். லயத்துக்குப் பின்னால. பவுனோட அவரக்கொடி.”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

“நானும் அன்னிக்குக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நின்னேன்” என்றாள் வாணி. “எல்லாரோடயும் சேந்து சிரிச்சேன். மண்டோர் பொண்டாட்டி சிரிக்காம நிக்க முடியுமா?”

தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

செடிக் குழாய்களில் ஒன்றைத் தூக்கி மோட்டாரில் காலிடுக்கில் நிறுத்தி, பழைய டியூபால் கட்டிக்கொண்டு, அய்யாவு பந்திங் சாலையில் கிளம்பினார். கன்டெய்னர் லோரிகள் மண்ணை வாரியடித்துக்கொண்டு போயின. தெலுக் பங்லீமா காராங்கில் கேரி தீவுக்குத் திரும்புகிற முனை வந்தது. திரும்பவில்லை. நேரே ஜெஞ்சாரோம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய கதை. தொழிலாளர் லயத்தில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். பிடித்து வைக்கப் பாத்திரம் போதாது. மருந்து வரும் நீலத் தோங்குகள், அந்தப் பிளாஸ்டிக் கேன்கள், மூடி போட்டு, கைப்பிடி வைத்து, நன்றாக இருக்கும். தோங்குகளை ஓட்டை போட்டுப் புதைக்க வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. கணக்கெழுதுகிற கிராணி, அதன்மேல் ஒட்டியிருந்த தாளை ஆங்கிலத்திலிருந்து அய்யாவுக்கு வரிவரியாகச் சொல்லியும் காட்டினார்: எத்தனை கழுவினாலும் சாப்பிடுகிற குடிக்கிற பொருள் வைக்க ஆகாது. அய்யாவு கேட்டுக்கொண்டார். பிறகு தோங்குகளைப் பெண்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். “மூணு தண்ணி கழுவிட்டுப் புழங்குங்க.” கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தீபாவளிக்கு இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் மண்டோர் வீட்டுக்குப் பலகாரம் வந்தது.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலை, இருட்டுப் பிரியாத பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிக்குமுன் பவுனம்மா வரிசையை விட்டு வந்தாள். கையில் பறித்த அவரைக்கொடி. “மண்டோர், தோங்குத் தண்ணிய ஊத்துனேன். பாருங்க, முறுக்கிக்கிச்சு. இதத்தான் நாங்க குடிக்கிறோமா?”

பெண்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் பெரிய தொரையின் ஜீப் நின்றது. ஒரு வார்த்தை சரியென்று சொன்னால் மண்டோர் வேலையும் போகும், வீடும் போகும்.

“தோங்க மூணு தண்ணி கழுவுனியா?”

“கழுவுனேன்.”

“பொய்! சோத்துக் கையக் கூடக் கழுவாத நாயி நீ. தோங்கக் கழுவுனியாம்! இங்க பாருங்கம்மா, கழுவாத பவுனு வந்துருக்கா, எனக்கு மருந்து சொல்லித்தர!”

சிரித்தார்கள். யாருக்கும் தோங்கைத் தூக்கிப்போட மனசில்லை. தங்கள் கழுவல் சரி என்று நம்பிக்கொள்வது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பவுனம்மாவை அன்றைக்கே உதிரிப்பழம் பொறுக்குகிற வேலைக்குத் தள்ளினார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. கழுவாத பவுனு. கடைக்காரன் கூப்பிட்டான், கோயில் பூசாரி கூப்பிட்டார். இப்போதும் தோட்டத்து ஆட்களுக்கென்று போனில் ‘நம்ம தோட்டம்’ என்றொரு குழு இருக்கிறது. கொரோனா சமயத்தில் எல்லாரும் கை கழுவுங்கள் என்று செய்தி வந்தபோது, ‘மொதல்ல கழுவாத பவுனு கழுவட்டும்’ என்று ஒருவன் போட்டான். கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை அதன் கீழே போட்ட முப்பது பேரில் அய்யாவும் ஒருவர்.

*

ஜெஞ்சாரோமில் கடைவரிசைக்குப் பின்னாலிருந்தது வீடு. பவுனம்மா காலை வடை வியாபாரம் பண்ணுகிறவள். வெளிக்குழாயடியில் பெரிய பேசினில் ஊறின உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மருமகள் கத்தினாள்:

“அத்தே, போதும் அத்தே! உளுந்து கரஞ்சே போயிரும். அஞ்சாவது தண்ணி ஓடுது.”

“நீ வேலையப் பாரு!” என்றவள் வாசல் கேட்டருகே நின்ற ஆளைப் பார்த்துவிட்டு எழுந்தாள். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு. தோள் துண்டை அவசரமாகச் சரிசெய்துகொண்டாள். “மண்டோரா? வாங்க, வாங்க. வெயில்ல வந்துருக்கீங்க. வாணி நல்லாருக்காளா?”

“இருக்கா.”

“உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க.”

கண்ணாடி கிளாசை எடுத்தாள். குழாயடியில் சுழற்றிக் கழுவினாள். ஒரு தண்ணி. இரண்டு. மூன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாலாவதும் கழுவினாள். பிறகு உள்ளே போய்க் கொதித்து ஆறின தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பயப்படாமக் குடிங்க. நல்லாக் கழுவுனதுதான்.”

அய்யாவு வாங்கினார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். ஒரு மிடறுதான் குடித்தார். கிளாசைக் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் வைத்துவிட்டு, மோட்டாரிலிருந்து செடிக் குழாயை அவிழ்த்துக் கொண்டுவந்து அவள்முன் நிறுத்தினார்.

“இதப் பாரு பவுனு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு குந்தினாள். இலையை ஒரு விரலால் நிமிர்த்தினாள். விட்டதும் அது பழையபடி கவிழ்ந்தது.

“அவரக்கொடி” என்றாள்.

“இது வேற. ஆஸ்திரேலியாப் பூவு. வாணி வளத்தது. நான் பம்புல தண்ணி விட்டேன்.”

“பம்பு யாரு கழுவுனா?”

“நான்தான்.”

“எத்தன தண்ணி?”

“மூணு. சோப்பு போட்டு.”

பவுனம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை; ஒருவித அனுதாபம் இருந்தது. “அப்ப நீங்களும் என்ன மாரிதான் மண்டோர். சரியாக் கழுவல” என்றாள்.

அடி விழுந்திருந்தால் அய்யாவு தாங்கியிருப்பார். திட்டுவாள், காறித் துப்புவாள், வாசலைக் காட்டுவாள் என்று இருபது மைல் யோசித்துக்கொண்டு வந்தவர். இவள் நம்பியிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக, தான்தான் சரியாகக் கழுவவில்லை என்று.

“இல்ல பவுனு. நான் சரியாத்தான் கழுவுனேன். நீயும் அன்னிக்குச் சரியாத்தான் கழுவுன. அந்த மருந்து போவாது. மூணு தண்ணில இல்ல, முப்பது தண்ணிலயும் போவாது.”

உள்ளே மிக்சி ஓடி நின்றது. பேசினில் உளுந்தின்மேல் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. பவுனம்மா எட்டித் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

நேற்று என்று சொல்லலாம். நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு என்று சொன்னால் அவள் நம்புவாள். அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பினவள் அவள்.

“அப்பவே. தோங்கக் கொடுக்குறதுக்கு முன்னாலயே. கிராணி படிச்சுக் காட்டுனாரு.”

அவள் பேசினின் விளிம்பில் ஒட்டியிருந்த உளுந்தைப் பொறுக்கி உள்ளே போட்டாள். பேசியபோது குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“எம் மாமியா சாவுற வரைக்கும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. மக கல்யாணத்துல பந்தி பரிமாறப் போனேன். சம்பந்திக்காரி கரண்டியப் புடுங்கிக்கிட்டா. சிரிச்சுக்கிட்டேதான் புடுங்குனா. தோட்டத்துல அந்தத் தண்ணியக் குடிச்சு யாருக்கு என்னா வந்தாலும், வயித்துவலின்னாலும், எம்புள்ளைக்குத் தோலு உரிஞ்சப்பயும், நான் கழுவுனது பத்தலன்னு நெனைப்பேன்.” தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. “இன்னமும் கழுவுறேன்.”

“தப்புதான் பவுனு. ஒங்காலு…” என்று அவர் குனிந்தார்.

“அத விடுங்க!” கால்களை இழுத்துக்கொண்டாள். “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்கிட்ட சொன்னா யாருக்குக் கேக்கும்? அன்னிக்கு எங்காதுலயா வந்து சொன்னீங்க? பெரட்டுல வச்சு சொன்னீங்க.”

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ஈரக்கையைத் தோள் துண்டில் துடைத்து, ‘நம்ம தோட்டம்’ குழுவைத் திறந்தாள். நூற்று நாற்பது பேர். குரல் பதிகிற குறியில் கட்டைவிரலை அழுத்தி, போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“சொல்லுங்க மண்டோர்.”

விநாடிகள் ஓடின. ஒரு லோரி சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதுவும் பதிந்திருக்கும்.

“வணக்கம். நான் அய்யாவு பேசுறேன். மருந்து மண்டோர் அய்யாவு. நான் இப்ப ஜெஞ்சாரோம்ல, கழுவாத பவு…”

நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. அய்யாவு பல்லைக் கடித்து நிறுத்தினார்.  நிமிர்ந்து பார்த்தார். அவள் விரல் அழுத்தியபடியே இருந்தது.

“அத அழிச்சிரு பவுனு. மொதல்லேருந்து சொல்றேன்.”

“வேணாம். அதுவும் இருக்கட்டும். மேல சொல்லுங்க.”

சொன்னார். தாளைச் சொன்னார், தோங்கைச் சொன்னார், அவரைக்கொடியைச் சொன்னார். இருபத்திரண்டு வீட்டின் பெயர்களையும் பெரட்டு வரிசையிலேயே சொன்னார். “நீங்க கழுவுனது சரிதான். பவுனம்மா கழுவுனது சரிதான். நான் சொன்னதுதான் பொய்யி” என்று முடித்தபோது, குரல் யாருடையதோ போலிருந்தது.

பவுனம்மா விரலை எடுத்தாள். போனைக் கவிழ்ந்த வாளிமேல், அவர் மிச்சம் வைத்த தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அய்யாவு எழுந்து மோட்டார்ச் சாவியைத் தேடினார்.

“எங்க போறீங்க?” என்றாள் அவள். “பேரு கூப்புட்டாச்சில்ல. பதில் வர்ற வரைக்கும் உக்காருங்க. எல்லாரும் சொல்றத இருந்து கேட்டுட்டுப் போங்க.”

அவர் உட்கார்ந்தார். போன் ஒரு தடவை முனகியது. வாளி அதிர்ந்து, கிளாசில் தண்ணீர் லேசாக ஆடியது. அது அடங்குமுன் இன்னொரு தடவை முனகியது. பிறகு விடாமல்.